பேசிக்கொண்டே ஓடுவது

கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸ் நடைபாதையை ஒருமுறை சுற்றி வந்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஆகும். என் 51-வது வயதில், சர்க்கரை எல்லைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் எச்சரித்ததன் பேரில், இருதயமும் இரத்த அழுத்தமும் ஓடுவதற்குத் தடையாக இல்லை என்பதை அவரிடமே சோதித்துத் தெரிந்துகொண்டு, ஒரு மார்கழி விடியற்காலையில் அந்தச் சுற்றை ஓடியே கடந்துவிடுவது என்ற சங்கற்பத்தோடு புறப்பட்டேன். நான்காவது விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. தொண்டையில் இரும்பின் சுவை ஊறிற்று. ஐந்தாவது கம்பத்தைக் கையால் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். நடைப் பயிற்சிக்கு வந்த ஓர் அம்மாள் நின்று, “தண்ணி வேணுங்களா?” என்று பரிவோடு விசாரித்தார். பதில் சொல்ல மூச்சு இல்லை; தலையை மட்டும் அசைத்தேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அதே கம்பத்தடியில் நான் மூச்சிரைத்து நிற்கையில், தினமும் அங்கே ஓடுகிற முதியவர் ஒருவர், போலீஸ் உத்தியோகத்தில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓட்டத்தைக் குறைத்து என்னருகே வந்தார். “ஏனுங்க, எதுக்குங்க இப்படி விழுந்தடிச்சு ஓடறீங்க? பேசிக்கிட்டே ஓட முடியோணுமுங்க. பேச்சு நின்னு போச்சுன்னா வேகம் சாஸ்தின்னு அர்த்தமுங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மனம் ஒப்பி ஏற்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதை ஏற்ற பிறகுதான் நான் உண்மையில் ஓடத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

அவர் சொன்ன விதிக்கு நெடிய வம்சாவளி உண்டென்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நியூஸிலாந்தில் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார், 1917-ல் பிறந்தவர், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வருமானம் போதாத காலத்தில் வீடு வீடாகப் பால் கொண்டு போட்டவர். இருபதுகளின் இறுதியில், ரக்பி ஆட்டக்காரராகத் தம்மை நல்ல தேகக்கட்டு உடையவர் என்று நம்பியிருந்த அவர், தம்மைவிட மூத்த நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடப் போய், நண்பர் சர்வசாதாரணமாக ஓடி முடிக்கத் தாம் மட்டும் குற்றுயிராய்த் திரும்பினார். இந்த வயதிலேயே இப்படியென்றால் இன்னும் 20 ஆண்டு கழித்து நம் கதி என்ன என்ற கேள்வி அன்று அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு மனிதன் தன் சரீரத்தின் உண்மை நிலையைத் தயவு தாட்சணியமின்றிப் பார்த்துவிடுகிற அத்தகைய தருணத்தில் மனம் சோர்ந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களே அதிகம். லிடியார்டோ ஆசிரியர் யாருமின்றித் தம்மையே பரிசோதனைப் பொருளாக்கி, எவ்வளவு தூரம், எந்த வேகம் என்று ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்து, 1953-லும் 1955-லும் தம் நாட்டு மாரத்தான் பட்டத்தையே வென்றார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பெர்க் இருவரும் 1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஆளுக்கொரு தங்கப் பதக்கம் பெற்றது உலகப் பிரசித்தம்.

ஆனால் என்னைப் போன்ற எளியவர்களுக்கு அவர் செய்த பேருபகாரம் அந்தப் பதக்கங்களுக்குப் பின்னால் வந்தது. மாரடைப்புக் கண்டவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைப்பதுதான் வைத்தியம் என்று கருதப்பட்டு வந்த அந்தக் காலத்தில், இருதய நோயிலிருந்து மீண்டவர்களையும், உட்கார்ந்தே தொந்தி வளர்த்த நடுவயதினரையும் கூட்டி, மெதுவாக, மிக மெதுவாக, பேசிக்கொண்டே ஓடச் சொன்னார். 1962-ல் ஆக்லாந்தில் இதற்கென்றே ஒரு சங்கம் உருவாயிற்று. ஜாகிங் என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் பழக்கம் பொதுஜனங்களிடையே பரவியதற்கு அந்தச் சங்கம் ஒரு முக்கியமான ஊற்றுக்கண்.

அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்து ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன், தம் மாணவர்களோடு நியூஸிலாந்து சென்றிருந்தார். லிடியார்ட் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ன்வால் பூங்காவுக்கு அழைத்துப் போனார். பிறரை ஓட வைத்தே பேர் பெற்றிருந்த பவர்மன், அந்த ஆண்களும் பெண்களும் அடங்கிய கூட்டம் ஓடத் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள் மூச்சுத் திணறிப் பின்தங்கினார். அப்பொழுது எழுபதைக் கடந்தவரும், மாரடைப்பிலிருந்து மீண்டவருமான ஒரு கிழவர், தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக வந்தார் என்பதும், வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார் என்பதும், பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லும் சக்தி பவர்மனுக்கு இல்லை என்பதும் அவர் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. ஊர் திரும்பிய அவர் யூஜீன் நகரத்து மக்களை மைதானத்துக்கு அழைத்து ஓட வைத்தார்; இருதய வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து 1967-ல் ‘ஜாகிங்’ என்ற பெயரிலேயே ஒரு சிறு புத்தகம் எழுதினார்; அது லட்சக்கணக்கில் விற்றது. ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், தம் வித்தையிலேயே தாம் மாணவன் என்று ஒப்புக்கொண்ட அந்த மனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மெதுவாக ஓடுவதில் அப்படி என்ன இருக்கிறது? நிதானமாக நீண்ட நேரம் ஓடும்போது, இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. கால் தசைகளுக்குள் புதிய நுண்குழாய்கள் தோன்றிப் பிராணவாயுவை மேலும் நெருக்கமாகக் கொண்டு சேர்க்கின்றன. கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்கிறது. வேகம் மிஞ்சினால் உடல் அவசரத்துக்குச் சர்க்கரையை எரித்து, சீக்கிரத்தில் களைத்துவிடுகிறது. ஆதலால் ஆரம்பிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடப்பதாக அரைமணி நேரம், வாரத்தில் மூன்று நாள், இடையிடையே ஒரு நாள் ஓய்வோடு தொடங்கி, ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால், பெரும்பாலோர் இரண்டு மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடிவிடலாம். விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டியதில்லை. காலணி மட்டும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டு, காலுக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்.

இதிலே ஒரு கண்ணி இருக்கிறது. அதில் நான் விழுந்தேன். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதுப் பழக்கத்துக்கு இசைந்துவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாருக்குமோ மாதங்கள் வேண்டும். ஆகவே இரண்டாம் மாதத்தில், மூச்சு இரைக்காத மகிழ்ச்சியில் தூரத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினேன். ஒரு காலை படுக்கையை விட்டு எழுந்து தரையில் காலை ஊன்றியதும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்பின் உள் விளிம்பில் சுரீரென்றது. விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு நூல் பிடித்தாற்போல் வலி ஓடிற்று. தலைமைக் காவலரிடம் காட்டினேன். “எலும்பு கடனுக்கு வேலை செய்யாதுங்க. மூணு வாரம் சும்மா நடங்க” என்றார்.

அந்த மூன்று வாரந்தான் எனக்கு ஓட்டம் கற்பித்தது. உத்தியோகத்திலும் குடும்பத்திலும் எதையும் பிரயத்தனத்தால் விரட்டிப் பிடித்தே பழகியவன் நான்; மேலும் முயலுவதைத் தவிர வேறு உபாயம் எனக்குத் தெரியாது. முயற்சியை அதிகமாக்கினால் கெட்டுப்போகிற காரியம் ஒன்று உலகத்தில் உண்டென்பதையும், பிறர் என்னைக் கடந்து ஓடிப்போகும் பாதையில் நடந்துகொண்டே இருப்பதற்கு ஓடுவதைக் காட்டிலும் கூடுதலான வைராக்கியம் வேண்டுமென்பதையும் அந்த நாட்களில் கண்டேன். யாருக்கும் வாக்குக் கொடுக்காமலே விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுந்திருக்கிற சுபாவம் என்னிடம் நிலைத்தது. தோளுரசிப் போகும் இளைஞர்களைப் பார்த்து மூண்ட பொறாமை, எப்போதென்று தெரியாமல் அவிந்து போயிற்று. வீட்டிலே யாராவது பேசும்போது இடைமறித்து முடித்துவைக்கும் என் வழக்கம் குறைந்திருக்கிறதென்று என் மனைவி ஒரு நாள் சொன்னாள். ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது, உண்டென்றே நம்புகிறேன். எழுந்தவுடன் படுக்கையில் இருந்தபடியே எண்ணிப் பார்க்கிற நாடி, நிமிஷத்துக்கு 78-லிருந்து 67-க்கு இறங்கியிருந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, தலைமைக் காவலரும் நானும் சேர்ந்து புறப்பட்டோம். அவருடைய கடைசி மகளுக்கு வரன் திகைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெருந்துறைப் பக்கத்துக்காரர்கள் என்பது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தது, சமையற்காரர் கேட்ட தொகை, பெண் மேலே படிக்க வேண்டுமென்று பிடிவாதமாய் இருப்பது என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லி வர, நானும் இடையிடையே என் மகள் கல்யாணத்தில் பட்ட சிரமங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெண்ணைப் படிக்க விடுங்கள் என்று நான் வற்புறுத்திக்கொண்டிருந்தபோது, அவர் வேகத்தைக் குறைத்து நின்று, எதிரே கையைக் காட்டினார். புறப்படும்போது புங்கமரத்தடியில் நான் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிள் நின்றிருந்தது.