பாக்கெட்டில் ஒரு தாளக்காரர்: மெட்ரோனோம் வாங்கும் முன் இதைப் படிங்க!

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் மேளம் ஒலிக்கும்போது எல்லோருடைய கண்ணும் நாகஸ்வரக்காரர் மேலும் தவில்காரர் மேலும்தான் இருக்கும். ஓரமாக நின்று கையில் இரண்டு சின்னத் தாளங்களைத் தட்டிக்கொண்டிருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் தடுமாறினால் மொத்த மேளமும் தடுமாறும். நாகஸ்வரம் எவ்வளவு தூரம் போய்ச் சுற்றினாலும், தவில் எவ்வளவு கணக்கு வைத்தாலும், கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் அவர் தட்டும் தட்டுதான்.

அதே ஊரில், வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து வர்ணம் சாதகம் செய்யும் பிள்ளைக்கு அப்படி ஒருவர் கிடையாது. தெரிந்த வரி வந்தால் வேகம் தானாகக் கூடும். கஷ்டமான வரி வந்தால் தானாகக் குறையும். பாடுகிறவருக்கே அது தெரியாது. அடுத்த வாரம் பாட்டு வகுப்பில் மிருதங்கத்தோடு சேரும்போதுதான் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும்.

இந்த இடத்துக்குத்தான் இப்போது உள்ளங்கை அளவு டிஜிட்டல் மெட்ரோனோம்கள் வருகின்றன. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், 'டிக் டிக்' என்று அலுக்காமல் தட்டும். பயிற்சிக்கு இது நல்ல துணைதான். ஆனால் எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் வாங்கினால், இரண்டாவது வாரமே அலமாரிக்குள் போய்விடும்.

அது என்ன மெட்ரோனோம்?

'அளவு', 'விதி' என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்ததுதான் மெட்ரோனோம். ஐரோப்பாவில் யோஹான் மெல்சல் என்பவர் 1815-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் இதன் அடிப்படை அமைப்பைச் செய்துவிட்டார் என்பது தனிக் கதை. இசைமேதை பீத்தோவன் 1817-ல் தன் படைப்புகளுக்கு மெட்ரோனோம் கணக்கில் வேகம் குறித்துக் கொடுத்த பிறகு இது பெரிதாகப் பேசப்பட்டது.

பழைய மெட்ரோனோம், கோபுர வடிவ மரப்பெட்டிக்குள் ஆடும் ஓர் ஊசல். சாவி கொடுத்தால் ஓடும். இன்றைய பாக்கெட் மெட்ரோனோமில் ஊசல் இல்லை. கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம்தான் நேரம் காட்டுகிறது. அதனால் பயிற்சியின்போது 'மிஷின் ஓடுது' என்று குற்றம் சொல்லவே முடியாது. ஓடுவது நாம்தான்!

இதன் வேகத்தை பி.பி.எம் என்று குறிப்பிடுவார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதுதான் அது. 60 என்று வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். ஆக, ஒரு ஆவர்த்தனத்துக்கு எட்டு நொடி.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

* வேக எல்லை: 30-லிருந்து 250 வரை இருந்தால் தாராளம். 40-க்குக் கீழே போகாத கருவி, மெதுவான சாதகத்துக்கு உதவாது. வேகத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

* 5, 7, 9 இருக்கிறதா? மேற்கத்திய இசைக்காகச் செய்யப்பட்ட சில மலிவுக் கருவிகளில் 2, 3, 4, 6 மட்டும்தான் இருக்கும். கண்ட சாபுவுக்கு 5 வேண்டும், மிஸ்ர சாபுவுக்கு 7 வேண்டும். இது இல்லாவிட்டால் முதல் தட்டுக்கு வரும் தனி மணியோசை தப்பான இடத்தில் விழும்.

* உள் தட்டு: ஒரு தட்டை இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரித்துக் காட்டும் வசதி. திஸ்ர நடை பழகுகிறவர்களுக்கு மூன்றாகப் பிரிப்பது அவசியம்.

* சத்தமும் இயர்போன் துளையும்: வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் சாதாரண ஸ்பீக்கர் போதும். தவில், நாகஸ்வரம் பழகும்போது அந்தச் சின்ன 'டிக்' காதில் விழவே விழாது. இயர்போன் அல்லது மின்னும் விளக்கு வேண்டும். இயர்போனில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், காதுக்குக் கேடு. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் அதிர்வாகத் தட்டிக் காட்டும் வகையும் கிடைக்கிறது.

* 'டேப்' பொத்தான்: ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே அதன் தட்டுக்கேற்ப நான்கைந்து முறை அழுத்தினால், அது எத்தனை பி.பி.எம் என்று கருவியே சொல்லிவிடும். டீச்சர் பாடிய வேகத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர இதுதான் வழி.

* பேட்டரி: ரிமோட்டில் போடுகிற ஏஏஏ பேட்டரி என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வட்டமான பட்டன் பேட்டரி என்றால் கூடுதல் கவனம் தேவை. குழந்தைகள் அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி ஸ்க்ரூ போட்டு மூடும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதில் வரும் சுருதி ஒலியை நம்பி, சுருதிப்பெட்டி வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்க மட்டும்தான் அது. பாடும்போது பின்னால் நிற்கும் தம்புரா வேலையை அது செய்யாது.

செல்போன் ஆப் போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். இலவசமாகவே நல்ல மெட்ரோனோம் ஆப்கள் இருக்கின்றன. லகு, திருதம் என்று தாளத்தைப் பிரித்துக் காட்டும் கர்நாடக சங்கீத ஆப்களும் உண்டு. பிரச்னை, போனில்தான். பல்லவி பாதியில் இருக்கும்போது வாட்ஸ்அப் வந்து 'டொய்ங்' என்னும். எடுத்துப் பார்த்த பிள்ளை அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வரும். போனில் பயிற்சி செய்தால் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு உட்காருங்கள். ப்ளூடூத் இயர்போனில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும் என்பதால், திரையில் மின்னும் விளக்கும் காதில் விழும் தட்டும் ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள்.

கர்நாடக இசைக்கென்றே தனிக் கருவியும் உண்டு. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி.ராஜ் நாராயண் தொடங்கிய பெங்களூரு ரேடல் நிறுவனம், எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி, தம்புரா வரிசையில் 'தாலோமீட்டர்' என்ற தாளக் கருவியையும் கொண்டுவந்தது. பாக்கெட் மெட்ரோனோமுக்குத் தாளம் என்றால் என்னவென்று தெரியாது, வேகம் மட்டும்தான் தெரியும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லோரும் செய்யும் தப்பு

முதல் காலத்துக்கு 60 வைத்த பிள்ளை, இரண்டாம் காலத்துக்கு 120, மூன்றாம் காலத்துக்கு 240 என்று மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 240 என்றால் நொடிக்கு நான்கு தட்டு. கையால் தாளம் போடவே முடியாது. பிறகு கையை விட்டுவிட்டுக் கருவியைத் துரத்த ஆரம்பிப்பார்கள்.

நம் முறையில் காலம் கூடினால் தாளத்தின் வேகம் கூடாது. தட்டு அதேதான், ஒரு தட்டுக்குள் வரும் ஸ்வரங்கள்தான் கூடும். 60-லேயே வைத்துவிட்டு, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று பாடுங்கள். எட்டு நொடி ஆவர்த்தனத்துக்குள் முதலில் 8, பிறகு 16, பிறகு 32 ஸ்வரங்கள். மூன்று காலத்துக்கும் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

அடுத்த சிக்கல் அலங்காரங்களில் வரும். துருவ தாளத்துக்கு 14 அட்சரம், அட தாளத்துக்கும் 14, மட்டிய தாளத்துக்கும் ஜம்பைக்கும் 10. சில பாக்கெட் கருவிகள் ஒரு சுற்றுக்கு 9 தட்டுக்கு மேல் போகாது. கவலை வேண்டாம். முதல் தட்டு மணியோசையை அணைத்துவிட்டு வெறும் தட்டாக ஓட விடுங்கள். லகு, திருதம் கணக்கை உங்கள் கை பார்த்துக்கொள்ளட்டும். துருவமும் அட தாளமும் ஒரே 14-தான் என்றாலும் முன்னது 4+2+4+4, பின்னது 5+5+2+2. இந்தக் குணத்தைக் கைதான் காட்டும், கருவி காட்டாது.

திருவண்ணாமலை மேல் முத்துசுவாமி தீட்சிதர் பாடிய 'அருணாசலநாதம்' கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். சாரங்கா ராகம், ரூபக தாளம். தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றாகப் போட்டுப் பாடுகிறவர்கள் மெட்ரோனோமை 3-ல் வைத்தால் ஒவ்வொரு ஆவர்த்தனத் தொடக்கத்திலும் மணி அடிக்கும். எளிமையான பாடல்களில் இது நல்ல காவல்.

அருணகிரியாரின் சந்தத்துக்கு முன்னால்...

ஆனால் அதே ஊரில்தான் மெட்ரோனோமைத் திணறடிக்கும் பாடல்களும் பிறந்தன. 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர், அருணாசலேஸ்வரர் கோயிலின் கம்பத்து இளையனார் சந்நிதியோடு சேர்த்தே நினைக்கப்படுகிறவர். அவருடைய திருப்புகழ்ப் பாடல்களில் சொல்லடுக்கே தாளம். குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் விழும் வரிசையே சந்தமாகிவிடுகிறது.

சுவடிகளில் சிதறிக் கிடந்த இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து, வ.த.சுப்பிரமணிய பிள்ளை 1894-ல் முதல் பாகமாக அச்சிட்டார். லயத்தில் புலியான காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, கடினமான தாளங்களில் அமைந்த திருப்புகழைக் கச்சேரி மேடையில் பாடிப் பெயர் பெற்றார்.

இந்தப் பாடல்களில் ஒன்றரை, இரண்டரை என்று பாதிக் கணக்குகள் வரும். உதாரணத்துக்கு 2½ + 2 + 3 என்று ஒரு சந்தம் இருந்தால், சாதாரண முறையில் வைத்த மெட்ரோனோம் நடுவில் இடறும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அரைத் தட்டை ஒரு தட்டாக எண்ணுங்கள். 5 + 4 + 6, மொத்தம் 15. வேகத்தை இரண்டு மடங்காக்கி, மணியோசையை அணைத்துவிட்டு, சொற்களைத் தட்டோடு பேசிப் பாருங்கள். ராகம் வேண்டாம், வெறும் பேச்சுதான். சொல் சரியாக உட்கார்ந்தால் தாளம் தானாக உட்காரும். பிறகு பாடுங்கள்.

20 நிமிடப் பயிற்சி: இப்படிச் செய்யலாம்

1. பாட்டிலேயே கஷ்டமான வரியை எடுங்கள். அதைத் தப்பில்லாமல் பாட முடிகிற வேகம்தான் இன்றைய வேகம். சுலபமான வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

2. மெட்ரோனோமைப் போட்டுவிட்டு உடனே பாட வேண்டாம். இரண்டு ஆவர்த்தனம் கையால் மட்டும் தாளம் போடுங்கள். உங்கள் தட்டும் கருவியின் தட்டும் சரியாகச் சேர்ந்தால், கருவிச் சத்தம் உங்கள் கைக்குள் மறைந்துபோனதுபோல் இருக்கும். தனியாகக் கேட்டால் முந்துகிறீர்கள் அல்லது பிந்துகிறீர்கள்.

3. மூன்று முறை தப்பில்லாமல் வந்தால் மட்டும் 4 கூட்டுங்கள். 60, 64, 68... ஒரே நாளில் 60-லிருந்து 90-க்குத் தாவாதீர்கள்.

4. அடுத்து, வேகத்தைப் பாதியாக்குங்கள். 60-ல் பாடியதை, மெட்ரோனோமை 30-ல் வைத்து அதே வேகத்தில் பாடுங்கள். இப்போது ஒன்று விட்டு ஒரு தட்டுதான் கேட்கும். நடுவில் உள்ளதை நீங்கள் சுமக்க வேண்டும்.

5. கடைசித் தேர்வு: சத்தத்தை முழுக்கக் குறைத்து, விளக்கைக் கையால் மறைத்துவிட்டு நான்கு ஆவர்த்தனம் பாடுங்கள். 60-ல் என்றால் 32 நொடி. பிறகு சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். சேர்ந்திருந்தால் தேர்ச்சி. விலகியிருந்தால், எந்த வரியில் ஓடினீர்கள் என்று போனில் பதிவு செய்து கேளுங்கள்.

ஆலாபனை, விருத்தம் இரண்டும் தாளக்கட்டு இல்லாதவை. அவற்றுக்குக் கருவியை அணைத்துவிடுங்கள். மிருதங்கத்தோடு சேர்ந்து பயிற்சி செய்யும்போதும் வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் மனிதரை.

கை இருக்கும்போது பெட்டி எதற்கு?

பெற்றோர் பலருக்கு ஒரு பயம் உண்டு. எல்லாவற்றையும் மிஷின் செய்தால் பிள்ளைக்குச் சொந்த லயம் வருமா? நியாயமான பயம்தான். நாள் முழுக்க மெட்ரோனோமோடு மட்டும் பாடிய பிள்ளை, அது இல்லாத மேடையில் தத்தளிக்கும். மேலே சொன்ன நான்காவது, ஐந்தாவது படிகள் அதற்காகத்தான். கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கத் தெரியாவிட்டால், அதை வாங்கியதே வீண்.

கருவியோடு ஆசிரியரும் வேண்டும். திருவண்ணாமலையில் தமிழ்நாடு அரசு கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய பிரிவுகளில் மூன்றாண்டுப் படிப்புகள் அங்கே உண்டு. 'வேகம் ஓடுகிறது' என்பதை மெட்ரோனோம் காட்டும். 'மூச்சைத் தப்பான இடத்தில் எடுக்கிறாய், அதனால் ஓடுகிறது' என்பதை ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

செலவே இல்லாத பயிற்சி ஒன்றும் அந்த ஊரில் இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரே சீராக நடக்கும்போது ஒவ்வோர் அடியும் ஒரு தட்டு. எட்டு அடிக்கு ஒரு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொண்டு, தெரிந்த பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே நடந்து பாருங்கள். ஏற்றத்திலும் கூட்டத்திலும் காலும் பாட்டும் பிரியாமல் வந்தால், லயம் உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நாகஸ்வரக் குடும்பங்களில் சிறு பிள்ளைகள் கையில் முதலில் தாளத்தைக் கொடுத்து மேளத்தோடு நிறுத்தும் வழக்கம் உண்டு. வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு தட்டித் தட்டி, காலப்பிரமாணம் கைக்கு வந்துவிடும். பாக்கெட் மெட்ரோனோமால் அந்தப் பழக்கத்தைத் தர முடியாது. ஆனால், ஓடும்போது பிடித்து நிறுத்தும். அந்த வேலையை மட்டும் அதனிடம் கொடுங்கள். தாளத்தை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.