உங்களுக்குத் தெரியுமா? கன்டெய்னர் கதவில் ஒரு காவல் எண்

● தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகச் சாலையில் டிரெய்லரில் போகும் கன்டெய்னரின் கதவைப் பாருங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் கட்டி ஓர் இலக்கம். இந்தக் கடைசி இலக்கத்தை யாரும் இஷ்டத்துக்குப் போட முடியாது. முன்னால் உள்ள பத்தும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

சி.எஸ்.கியூ.யூ. 305438 என்று வைத்துக்கொள்வோம். சி-க்கு 13, எஸ்-க்கு 30, கியூ-வுக்கு 28, யூ-வுக்கு 32 மதிப்பு. இடமிருந்து 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் இருக்க வேண்டியதும் 3.

கடைசி 38-ஐ யாராவது அவசரத்தில் 83 என்று தட்டிவிட்டால்? கூட்டுத்தொகை 4,905, மீதி 10. பத்து வந்தால் 0 என்று எழுதுவது விதி. கட்டத்தில் 3, கணக்கில் 0. பிழை அங்கேயே பிடிபடும்.

● ஏன் 11? அது பகா எண். 1 முதல் 512 வரையுள்ள அந்தப் பத்துப் பெருக்கு எண்களையும் 11-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6. ஒன்று முதல் பத்து வரை எல்லாம் வந்துவிட்டன, எதுவும் இருமுறை வரவில்லை! பத்து இடத்துக்கும் பத்து வேறு வேறு எடை. எவ்வளவு அழகான பொருத்தம்! ஓர் இலக்கம் மாறினாலும், இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் மீதி மாறியே தீரும். 11-க்குப் பதில் 10-ஆல் வகுத்திருந்தால், 1-க்குப் பதில் 6 என்று தட்டியதுகூடத் தெரியாமல் போயிருக்கும்.

● எழுத்துகளின் மதிப்பு 10-இல் தொடங்கி 38 வரை போகும். நடுவில் 11, 22, 33 மட்டும் கிடையாது. 11-ஆல் வகுத்தால் அவற்றின் மீதி பூஜ்யம், எந்த இடத்தில் நின்றாலும் கணக்கில் ஏறாது.

● ஓர் ஓட்டையும் உண்டு. மீதி 10-க்கும் 0-வுக்கும் ஒரே இலக்கம் என்பதால் அங்கே பிழை நழுவலாம். அதனால்தான் மீதி 10 வரும் வரிசை எண்களைத் தவிர்க்கும்படி கன்டெய்னர் எண்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6346 தரவிதி சொல்கிறது.

● கப்பலுக்கும் இப்படி ஓர் எண் உண்டு: ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண், ஏழு இலக்கம். பெயரும் கொடியும் மாறினாலும் எண் மாறாது. உதாரணம் 9074729. முதல் ஆறு இலக்கங்களை 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 139. அதன் ஒன்றாம் இலக்கமான 9-தான் கடைசி இலக்கம்.

● இதே கடலோரத்தின் பழைய கணக்கு ஒன்று. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்களில் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்த காலத்தில், முத்து வியாபாரிகள் எடையை வைத்து மட்டும் விலை பேசவில்லை. முதலில் 20 துளை முதல் 1,000 துளை வரை உள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துகளைச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். பிறகு நல்ல முத்துகளுக்குச் செவ்வுக் கணக்கு. மஞ்சாடி என்ற சிற்றளவில் நிறுத்த மொத்த எடையின் வர்க்கத்தை முக்காலால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது அது. ஒரு மஞ்சாடி வீதம் இரண்டு முத்துகள் என்றால் ஒன்றரைச் செவ்வு. இரண்டு மஞ்சாடியும் ஒரே முத்தாக இருந்தால் மூன்று செவ்வு.