இரண்டு வாய், ஒரு தொண்டை

காரின் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு புகைக்குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால், அது அசகாய சூரன் என்று நினைத்துக்கொள்கிறோம். 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரலே கார்வெட் காருக்கும் அப்படி இரண்டு குழாய்கள் இருந்தன. ஆனால் குனிந்து அடியில் பார்த்தால் வேறு கதை! எஞ்சினின் இரு பக்கங்களிலிருந்தும் வரும் குழாய்கள் ஒய் வடிவில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வினையூக்கிக் கலத்தினுள் நுழைந்து, வெளியே வந்தபின் மறுபடியும் இரண்டாகப் பிரிந்தன. வாய் இரண்டு, தொண்டை ஒன்று. இதைக் கழற்றிவிட்டு, முந்திய ஆண்டு வரை இருந்ததுபோல் எஞ்சினிலிருந்து பின்புறம் வரை தனித்தனிக் குழாய்கள் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. அதனால் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

அந்த எஞ்சினின் கொள்ளளவு 5.7 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலால், அச்சு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்று என்றும், சிலிண்டர்கள் 80 சதவீதம் நிரம்புகின்றன என்றும் கொண்டால், நொடிக்கு 152 லிட்டர் காற்று உள்ளே போகிறது. 300 கெல்வினில் போன காற்று 900 கெல்வினில் புகையாக வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். சார்லஸ் விதி நினைவிருக்கிறதல்லவா? கனஅளவு மூன்று மடங்காகி, நொடிக்கு 456 லிட்டர் ஆகிவிடும். இது 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே குழாயில் போக வேண்டுமானால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 160 மீட்டர். புயற்காற்றுகூட இதற்கு உறை போடக் காணாது!

இவ்வளவு வேகத்தில் ஓடும் வாயுவுக்குக் குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். இரண்டு குழாய்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் வேகம் பாதி; இழப்போ கால் பங்கு. இரட்டைக் குழாயின் இரகசியம் இவ்வளவுதான். 8.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் குழாய் போட்டாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் அவ்வளவு பருமனான குழாய்க்குத் தாழ்ந்த காரின் அடியில் இடம் ஏது?

இந்த இழப்பு குறைவதால் மிச்சமாகும் திறன் எவ்வளவு? பிஸ்டன்கள் நொடிக்கு 190 லிட்டர் கனஅளவை எதிரழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுகின்றன. எதிரழுத்தம் 20,000 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். 0.19 கன மீட்டரை இதனால் பெருக்கினால் 3800 வாட். சுமார் 5 குதிரைத்திறன். அது கால் பங்காகக் குறைந்தால் மிச்சம் ஏறக்குறைய 4 குதிரைத்திறன். சிலிண்டரில் பழைய புகை குறைவாகத் தங்குவதால் புதுக் காற்று கூடுதலாக நுழையும். அந்த வகையிலும் கொஞ்சம் கிடைக்கும். 165 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது பெரிய சொத்தல்ல. அதுவும் முழு வேகத்தில்தான். கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது வாயுவின் ஓட்டம் கால் பங்கானால் இழப்பு பதினாறில் ஒரு பங்கு. மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

"எஞ்சினுக்கு எதிரழுத்தம் கொஞ்சம் தேவை" என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. அது சரியல்ல. வால்வு திறந்ததும் பாயும் புகைத் துடிப்பின் பின்னால் தாழ்ந்த அழுத்தம் தொடர்கிறது. அது சிலிண்டரில் எஞ்சியதையும் உறிஞ்சி எடுக்கும். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் வேகம் தளர்ந்து இந்த உறிஞ்சல் போய்விடும். தேவைப்படுவது வேகமே தவிர எதிரழுத்தம் அல்ல.

இனி ஒரு சுவையான சங்கதி. இந்த எஞ்சினின் எட்டுச் சிலிண்டர்களும் 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்ற வரிசையில், 90 பாகைக்கு ஒன்றாக வெடிக்கின்றன. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம். இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம். எழுதிப் பாருங்கள்: இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம், வலம். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரிடத்தில் இரண்டு வெடிப்புகள் அடுத்தடுத்து வந்து நெருக்கியடிக்கின்றன. அமெரிக்க வி-8 கார்களின் குமுறும் ஓசை இதிலிருந்துதான் பிறக்கிறது. அந்த நெருக்கடி நேரத்தில் மற்றக் குழாயில் இடமிருக்கும். எனவே இரண்டையும் எச் வடிவிலோ எக்ஸ் வடிவிலோ ஓரிடத்தில் இணைத்துவிடுகிறார்கள். முற்றிலும் பிரித்து வைப்பதைவிட இதுவே மேல். இரைச்சலும் சற்று அடங்கும். நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் சிறிய காரில் இந்தப் பிரச்சினையே இல்லை. அதன் பின்னால் தெரியும் இரண்டாவது குழாய் பெரும்பாலும் காதில் தொங்கும் லோலாக்குதான்.

அப்படியானால் அந்த வினையூக்கிக் கலத்தை எறிந்துவிட்டவர்கள் எதை எறிந்தார்கள்? பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய மணிகள் அதில் இருந்தன. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும், எரியாத பெட்ரோல் ஆவியும் அவற்றின்மேல் படும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறின. ஈயம் கலந்த பெட்ரோல் அந்த மணிகளைக் கெடுத்துவிடும் என்பதால்தான் ஈயமற்ற பெட்ரோல் அங்கே பரவியது. நாலைந்து குதிரைத்திறனுக்காக ஊரார் மூச்சில் நஞ்சைக் கலப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? வினையூக்கியைக் கழற்றுவதை அமெரிக்கச் சட்டமும் இன்று அனுமதிப்பதில்லை. முறையாக மாற்றுபவர்கள் பக்கத்துக்கு ஒரு வினையூக்கி வைத்தே இரட்டைக் குழாய் போடுகிறார்கள்.

பிற்காலக் கார்களில் குழாயினுள் ஆக்சிஜன் உணர்வி ஒன்றும் உண்டு. அதற்கு முன்னால் பற்றவைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும். முன் சொன்ன தாழ்ந்த அழுத்தம் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். ஆக்சிஜன் மிகுதி என்று உணர்வி தவறாகச் சொல்ல, கணிப்பொறி வீணாகப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும்.