களை முளைத்த பிறகு மருந்தா? காசு தண்டம்!

காஞ்சீபுரம் கைலாசநாதர் கோவிலுக்குப் போகிறவர்கள் சிற்பத்தைப் பார்க்கும் முன்பே பச்சைப் புல்தரையைப் பார்த்து விடுகிறார்கள். 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோவில் அது. மத்திய தொல்பொருள் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. 'நம்ம வீட்டு வாசலிலும் இப்படி ஒரு புல்தரை இருந்தால்...' என்ற ஆசை யாருக்கும் வரும்.

புல் பதிப்பது சுலபம். அடுத்த மழையில் கிளம்பும் சாரணையையும் கோரையையும் சமாளிப்பதுதான் பெரும்பாடு!

கடைக்கு ஓடி மருந்து வாங்கித் தெளிக்கிறார்கள். வாரம் ஒன்று ஆகிறது. களை அசையவில்லை. "போலி மருந்தைக் கொடுத்து ஏமாத்திட்டீங்களே!" என்று கடைக்காரரிடம் சண்டை. பல நேரம் மருந்து மேல் குற்றமில்லை. தெளித்த நாள்தான் தப்பு.

விதையை முந்த வேண்டும்

பெண்டிமெத்தலின் போன்ற மருந்துகள் வளர்ந்த களையைக் கொல்ல வந்தவை அல்ல. மண்ணின் மேல்பரப்பில் தங்கி, விதை முளை விடும்போது வேரையும் குருத்தையும் வளர விடாமல் தடுப்பவை. பச்சை தலைகாட்டிய பிறகு தெளித்தால் காசு தண்டம். அப்போது கையில் எடுக்க வேண்டியது களைக்கொத்துதான்.

சரி, விதை எப்போது முளைக்கும்?

அமெரிக்காவில் புல்தரைக்கு எதிரி 'கிராப் கிராஸ்'. நண்டுப்புல் என்று அர்த்தம். குளிர்காலம் முடிந்து மண்ணின் சூடு சுமார் 13 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் அது முளைக்கத் தொடங்கும். அதனால் அங்கே வீட்டுக்காரர்கள் மண்ணில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து மருந்து போடுகிறார்கள்!

அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மார்கழிப் பனியில்கூட காஞ்சீபுரம் மண் 13 டிகிரிக்கு இறங்காது. சூடு எப்போதும் இருக்கிறது. இங்கே விதை காத்திருப்பது ஈரத்துக்கு. ஆடி, ஆவணியில் மாலை இடி மழை, ஐப்பசியில் அடைமழை. மண் நன்றாக நனைந்த சில நாளில் களை வந்து விடும்.

ஆகவே, பழைய களையைப் பிடுங்கி விட்டு, மழைக்காலம் தொடங்கும் முன் தெளிக்க வேண்டும். தெளித்ததும் லேசாகத் தண்ணீர் விட்டால் மருந்து மண்ணில் இறங்கும். கொட்டும் மழைக்கு முதல் நாள் தெளித்தால் அடித்துக் கொண்டு போய் விடும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் நெசவாளிக்கு வானம் பார்க்கத் தெரியும். அந்தக் கண் இதற்கும் வேண்டும்.

வயல்காரர்களுக்கு இது புதிதல்ல. நடவு முடிந்த 3 நாளுக்குள் களைக்கொல்லியை மணலில் கலந்து தூவுகிறார்களே, அதே கதைதான். புதிதாகப் பதித்த புல்லுக்கு மட்டும் அவசரம் கூடாது. வேர் பிடிக்கும் முன் தெளித்தால் புல்லின் வேரையும் மருந்து தடுத்து விடும்.

கோரைக்கு வெயில் வைத்தியம்

கோரை தனி ரகம். அது பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து கிளம்புகிறது. பெண்டிமெத்தலினுக்கு மசியாது. மேலே கிள்ளினால் கீழே சிரிக்கும்!

அதற்கு மண்ணின் சூட்டையே ஆயுதமாக்கலாம். 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. புல் பதிக்கும் முன், கத்திரி வெயிலில் மண்ணை ஆழக் கொத்திப் புரட்டிப் போட்டால், மேலே வந்த கிழங்கு காய்ந்து சாகும். இடையில் ஈரம் பட்டால் பிழைத்துக் கொள்ளும்.

இன்னொரு வழியும் உண்டு. மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை மூடி, ஓரத்தில் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் விடுவது. மண்ணில் இருக்கும் நோய்க் கிருமிகளை ஒழிக்க 1976-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் எழுதிய முறை இது. மேல்மண்ணில் உள்ள களை விதைகளும் வெந்து போகும். ஆழத்தில் கிடக்கும் கோரைக் கிழங்கு மட்டும் தப்பிக்கலாம்.

மருந்துதான் என்று முடிவு செய்கிறவர்கள் கையுறை போட்டுக் கொள்வது நல்லது. பெண்டிமெத்தலின் மீனுக்குக் கொடிய விஷம். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைத் தெருக் கால்வாயில் ஊற்றினால், அது ஏரிக்கோ குளத்துக்கோ போய்ச் சேரும்.