சரத்காலத்தில் அறை இசையும் ஜாஸும்

சென்னை மாநகரில் சங்கீதப் பருவம் என்றால் மார்கழி மாதந்தான். வடகிழக்குப் பருவமழை தணிந்து பனி இறங்கும் வேளையில் அங்குச் சபைகள் களைகட்டுகின்றன. மும்பை நகருக்கு வாய்த்த மழை வேறு. வைகாசி இறுதியில் அங்கு இறங்கும் தென்மேற்குப் பருவமழை புரட்டாசியில் விடைபெறுகிறது. ஆதலால் அந்நகரின் கச்சேரிப் பருவமும் முந்திக்கொள்கிறது. வடநாட்டார் சரத்காலம் என்று வழங்கும் அந்த மாதங்களில், நரிமன் முனையில் கடலை நோக்கி நிற்கும் தேசிய நிகழ்கலை மையத்தில் மேனாட்டு இசைக் கச்சேரிகள் தொடர்ந்து நடைபெறுகின்றன. இந்திய ஸிம்பனி இசைக்குழு தனது இலையுதிர்காலத் தொடரைச் செப்டம்பரில் நடத்துகிறது. மும்பையில் இலைகள் அவ்வாறு உதிர்வதில்லை. பெயர் மட்டும் ஐரோப்பிய வழக்கைப் பின்பற்றியது. அக்குழுவின் கலைஞர்கள் மூவராகவும் நால்வராகவும் அமர்ந்து வாசிக்கும் சிறு கச்சேரிகளும் உண்டு. நவம்பரில் ஜாஸ் விழா நடைபெற்று வருகிறது.

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவரில் பலர் இக்கச்சேரிகளின் விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள். உள்ளே சென்றவர் சிலரே. “அது துரைமார் சங்கீதம், நமக்குப் பிடிபடாது” என்பதே வழக்கமான விடை. கர்நாடக சங்கீதத்தில் தேர்ந்த காதுடையவர்களும் இவ்வாறு சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். அத்தகைய காதுடையவர்கள் எளிதில் நுழையக்கூடிய இடங்கள்தாம் இவ்விரண்டும் என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அறை இசையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதற்குச் சேம்பர் மியூஸிக் என்று பெயர். அரசாங்க அலுவலகங்களில் சேம்பர் என்றால் மேலதிகாரியின் அறை. அங்கிருந்து இன்னிசை எழுவது அரிது. ஆயினும் சொல்லின் பொருள் அறையே. பெரிய அரங்குக்கோ கோவிலுக்கோ அன்றி, ஒரு வீட்டின் கூடத்தில் சிலர் கூடி வாசித்துச் சிலர் கேட்பதற்கென்று எழுந்த இசை இது. ஸிம்பனியில் எண்பது, தொண்ணூறு பேர் அமர்ந்து, நடத்துநர் ஒருவரின் கையசைவுக்கு இணங்கி வாசிக்கிறார்கள். அறை இசையில் நடத்துநர் இல்லை. ஒரு பகுதிக்கு ஒருவரே பொறுப்பு. ஒருவர் பிசகினால் அவரை மறைக்க மற்றொருவர் இல்லை.

இவ்வகையில் தலைசிறந்தது தந்தி வாத்திய நால்வர் குழு. இரண்டு வயலின், அதனினும் சற்றுப் பெரிதாய் ஆழ்ந்த நாதமுடைய வயோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஆகிய நான்குமே அதன் உறுப்புக்கள். ஆஸ்திரிய நாட்டு யோசேப் ஹைடன் (1732-1809) இவ்வமைப்புக்கு நிலையான உருவம் தந்தவர்; அறுபத்தெட்டு நால்வர் இசைகளை அவர் இயற்றினார். பேத்தோவன் இயற்றியவை பதினாறு. அவற்றுள் இறுதி ஐந்தையும் அவர் செவிப்புலன் இழந்த நிலையில் 1824 முதல் 1826 வரையிலான ஆண்டுகளில் எழுதினார். தம் காதால் கேட்க இயலாத இசையைத் தாளில் எழுதிவைத்தார். அதையே இன்று நாம் கேட்கிறோம்.

நம் கச்சேரிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்துகொண்டால் பாதி வழி கடந்தாயிற்று. நம் இசையில் தம்பூராவின் ஆதார சுருதி ஆரம்பம் முதல் முடிவு வரை அசையாமல் நிற்கிறது. அதன்மீது ஒரே இராகம் தன் வடிவத்தை விரித்துக் காட்டுகிறது. பக்கவாத்திய வயலின், பாடகரை நிழல்போல் தொடர்கிறது. நால்வர் குழுவிலோ ஒரே சமயத்தில் நான்கு குரல்கள் நான்கு வெவ்வேறு பாதைகளில் செல்கின்றன. அவை இணையும்போது இனிமையும், முரணும்போது ஓர் ஏக்கமும் தோன்றுகின்றன. அந்த ஏக்கம் எப்போது தீரும் என்ற எதிர்பார்ப்பே அவ்விசையை முன்னே நடத்துகிறது. மேலும் ஆதார ஷட்ஜமே இடம் பெயர்கிறது. நம் வித்துவான்கள் எப்போதாவது கிரகபேதம் செய்து காட்டிச் சபையை வியக்கவைத்துத் திரும்பிவிடுகிறார்கள்; மேனாட்டாருக்கு அதுவே அன்றாட நெடுஞ்சாலை.

நால்வர் இசை பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டது: விரைவான தொடக்கம், சாவகாசமான இரண்டாம் பகுதி, நடனச் சாயலுள்ள மூன்றாம் பகுதி, விறுவிறுப்பான முடிவு. முதற்பகுதியில் பெரும்பாலும் இரண்டு இசைக் கருத்துக்கள் அறிமுகமாகும். பிறகு அவை உடைந்தும் கலந்தும் வேற்றிடங்களில் உலவியும், இறுதியில் புறப்பட்ட இடத்துக்கே மீளும். நிரவலில் ஒரே அடி பலவாறு திரும்பி வருவதைத் தொடரப் பழகிய செவிக்கு, இக்கருத்துக்களைத் தொடர்வது கடினமன்று. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையில் கைதட்டும் வழக்கமில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். அந்த மௌனமும் இசையைச் சேர்ந்ததே.

இனி ஜாஸ். அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை இது. வயற்காட்டுப் பாடலும் தேவாலயத் துதியும் பட்டாள வாத்தியமும் அதில் ஒன்றுகூடின. அறை இசை முழுவதும் எழுதப்பட்டது. ஜாஸின் உயிரோ மனோதர்மத்தில் இருக்கிறது. இந்த ஒரு செய்தி போதும், நாம் அதைச் சொந்தக்காரர் வீட்டு விருந்தாகக் கருதுவதற்கு.

ஜாஸ் கச்சேரியின் நடைமுறையும் எளியதே. முதலில் ஒரு மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். பிறகு அம்மெட்டின் அடியிலுள்ள ஸ்வரக் கூட்டுக்களின் வரிசையை ஆதாரமாகக் கொண்டு, டிரம்பட், சாக்ஸஃபோன், பியானோ எனத் தனித்தனியே கற்பனை செய்கிறார்கள். ப்ளூஸ் என்னும் வகையில் இவ்வரிசை பெரும்பாலும் நாற்பத்தெட்டு அட்சரங்களில் ஒருமுறை சுற்றி வருகிறது. ஆதிதாளத்தில் ஆறு ஆவர்த்தனம் என்று கொள்ளலாம். கையில் தாளம் போட்டுப் பார்த்தால் சுற்று முடியும் இடம் விரைவில் தெரிந்துவிடும். பிற்பகுதியில் வாத்தியக்காரரும் முரசுக்காரரும் சிறு சிறு பகுதிகளாக மாற்றி மாற்றி வாசிப்பதுண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் செய்யும் குறைப்பைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே ஒருவர் தம் கற்பனையை முடித்ததும் உடனே கைதட்டலாம், தட்டாவிட்டால்தான் குறை.

இந்த உறவு நம் கற்பனையன்று. அமெரிக்கப் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக் தம் குழுவுடன் 1958-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அப்போது சென்னையில் அவருடைய முரசுக் கலைஞர் ஜோ மோரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார். மறு ஆண்டு அக்குழு பதிவு செய்த ‘டேக் ஃபைவ்’ என்னும் உருப்படி ஐந்து அட்சரச் சுற்றில் அமைந்தது. கண்ட நடை பழகிய தமிழ்க் காதுக்கு அது சிறிதும் அந்நியமாகத் தோன்றாது. பிற்காலத்தில் சாக்ஸஃபோனில் கர்நாடக இசையை நிலைநாட்டிய கதிரி கோபால்நாத்துடன், 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கரான ஜான் ஹேண்டி சேர்ந்து வாசித்தார்.

இவ்விசைகள் பம்பாயில் வேரூன்றியது எவ்வாறு? இரு சாராரை இங்குக் குறிப்பிடவேண்டும்.

ஒருவர் வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாட் நகரில் 1907-இல் பிறந்த யூதர். ஜெர்மனியில் 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அங்கு அவருக்கு வாழ்வில்லாமற் போயிற்று. 1934-இல் பம்பாய் வந்து சேர்ந்த அவர், சில மாதங்களுக்குள் பம்பாய் அறை இசைச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். பியானோவில் அவரும், வயலினில் பார்ஸி இளைஞரான மெஹ்லி மேத்தாவும், செல்லோவில் எடிஜியோ வெர்காவும் வியாழக்கிழமைதோறும் வாசித்தார்கள். 1937 மே மாதத்துக்குள் 136 கச்சேரிகள் நடந்தேறின. 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலி நிலையத்தில் ஐரோப்பிய இசைக்கு அவர் பொறுப்பாளராயிருந்தார். தலைமுறை தலைமுறையாக நம்மைத் துயிலெழுப்பிய அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவரும் அவரே. சிவரஞ்சனியின் சாயல் படிந்த அந்த மெட்டில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்று சொல்லப்படுகிறது. அறை இசை நமக்குத் தெரியாது என்று சொல்லும் நேயர்கள், அதன் கலைஞர் ஒருவரின் இசையை நாள்தோறும் காலையில் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள்.

மற்றொரு சாரார் கோவாவின் கலைஞர்கள். போர்ச்சுகீசியர் ஆட்சியில் பங்குக் கோவில் பள்ளிகளில் சிறுவர்களுக்கு மேனாட்டு ஸ்வரக்குறிப்பு கற்பிக்கப்பட்டது. அக்கல்வியோடு பம்பாய்க்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஹோட்டல்களில் வாத்தியம் வாசித்தார்கள். 1935-இல் லியான் ஆபி என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவுடன் தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்தபின் ஜாஸ் அந்நகரில் ஓங்கியது. ‘சிக் சாக்லெட்’ என்று பெயர் பெற்ற டிரம்பட் கலைஞர் போன்ற கோவாக்காரர்கள் அதில் புகழடைந்தார்கள். ஹோட்டல்களில் வாய்ப்புக் குறைந்தபோது, பலர் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களை நம்பினார்கள். ஹிந்திப் படப் பாடல்களின் வாத்திய அமைப்பைக் குறிப்பெழுதித் தந்த கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. அவர்களின் பெயர்கள் படங்களின் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றது குறைவு. அந்தோணி கொன்ஸால்வஸ் அவ்வாறான ஒருவர். அவரிடம் வயலின் பயின்ற இசையமைப்பாளர் பியாரேலால், 1977-இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் ஆசானின் பெயரையே ஒரு பாட்டில் ஒலிக்கச் செய்தார். நாடே அப்பெயரைப் பாடியது. அது உயிருள்ள ஒரு வித்துவானின் பெயர் என்று அறிந்தவர் சிலர்.

தமிழ்நாட்டிலும் இச்சேர்க்கை நிகழ்ந்தது. வயலினே மேனாட்டிலிருந்து வந்து, பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் கைகளில் நம்முடையதாயிற்று. 1986-இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பில், பல தந்திக் குரல்கள் ஒன்றோடொன்று உரையாடும் முறை தெளிவாக விளங்குகிறது. அதில் வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன், பின்னர்ச் சென்னைத் தந்தி நால்வர் குழுவை அமைத்துத் தியாகராஜ கிருதிகளை அவ்வடிவில் வாசித்தார்.

இவ்வளவு இருந்தும் பம்பாயில் ஒரு பெரும் இழப்பு நேர்ந்தது. காஃப்மன் 1946-இல் இந்தியாவை விட்டு நீங்கினார். பம்பாய் ஸிம்பனி இசைக்குழுவை 1935-இல் நிறுவிய மெஹ்லி மேத்தாவும் 1950-களின் நடுவில் மான்செஸ்டர் நகரின் இசைக்குழுவில் சேரப் புறப்பட்டுவிட்டார். இசையை முழுநேரத் தொழிலாகக் கொண்டு வாழ அவர்களுக்கு இங்கு இடம் போதவில்லை. அவருடைய மகன் ஸுபின் மேத்தா உலகப் புகழ் பெற்றதும் அயல்நாடுகளில்தான். 1969-இல் தேசிய நிகழ்கலை மையம் தோன்றி, 2006-இல் அதன்வழி இந்திய ஸிம்பனி இசைக்குழு அமைந்தபோது, அதன் நாற்காலிகளில் பெரும்பாலானவற்றை அயல்நாட்டுக் கலைஞர்களைக் கொண்டே நிரப்பவேண்டியிருந்தது. ஒருமுறை அற்றுப்போன வாத்தியப் பரம்பரையை மீண்டும் வளர்ப்பது எளிதன்று. அதற்குக் கற்கும் குழந்தைகளும் வேண்டும். கேட்கும் பெரியவர்களும் வேண்டும். 1952-இல் ஸ்ரீ ஷண்முகானந்த சபையைத் தொடங்கி, 1963-இல் அதற்குப் பேரரங்கம் எழுப்பி, அயல் மண்ணில் தம் இசையைக் காத்துக்கொண்ட மும்பைத் தமிழருக்கு இந்த உண்மையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

காஃப்மன் வரலாற்றில் நமக்கெனவே அமைந்த செய்தி ஒன்றுண்டு. இந்திய இசையை முதலில் இசைத்தட்டில் கேட்டபோது அது அவருக்குச் சிறிதும் விளங்கவில்லை. ஆனால் கோடிக்கணக்கான மக்கள் போற்றும் ஓர் இசை தமக்குப் புரியவில்லை என்றால், குறை தம்மிடமே இருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதன்பின் கேட்கவும் எழுதவும் தொடங்கினார். வட இந்திய இராகங்களைப் பற்றி 1968-இலும், தென்னிந்திய இராகங்களைப் பற்றி 1976-இலும் அவருடைய விரிவான நூல்கள் வெளிவந்தன. ஊர் விட்டு ஊர் வந்தவர், வந்த ஊரின் சங்கீதத்துக்குச் செய்த மரியாதை அது. ஊர் விட்டு ஊர் வந்த நாமும் அம்மரியாதையைத் திருப்பிச் செலுத்தலாம்.

அதற்குப் பெருமுயற்சி வேண்டாம். மழை ஓய்ந்த மாதங்களில் ஒரு நால்வர் கச்சேரியும் ஒரு ஜாஸ் கச்சேரியும் கேட்டால் போதும். தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழ்வோருக்கும் இவ்வாய்ப்புக்கள் உண்டு. கொல்கத்தாவின் இசைப்பள்ளி 1915 முதல் மேனாட்டு இசையைக் கற்பித்து வருகிறது. செல்வதற்கு முன் நிகழ்ச்சியில் உள்ள உருப்படியை வீட்டில் இருமுறை கேட்டுவிடுங்கள். அரங்கில் முதற்பகுதி முழுவதும் செல்லோவை மட்டும் தொடருங்கள். ஏனைய மூன்றும் தாமே வந்து சேரும். ஜாஸானால், மடியில் விரல் வைத்துச் சுற்றை எண்ணுங்கள். வயலினோ கீபோர்டோ பயிலும் குழந்தை வீட்டில் இருந்தால் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாளை காலியாகும் நாற்காலி ஒன்றில் அமரப்போவது அக்குழந்தையாகவும் இருக்கலாம்.