பழைய ஜீப்புக்கு மாற்று எஞ்சின்

மைசூருவிலிருந்து குடகு செல்லும் சாலையில் பழைய மஹிந்திரா ஜீப்புகளை இன்றும் காண்கிறோம். அவற்றுள் சிஜே-3பி வகை, 2,199 சிசி 'ஹரிக்கேன்' பெட்ரோல் எஞ்சினுடன் வந்தது. அது தேய்ந்தபின், பெஜோ உரிமத்தில் உருவான 2,112 சிசி டீசல் எஞ்சினைப் பொருத்துவோர் பலர். எரிபொருள் செலவைக் கருதினால் நியாயமே. ஆயினும் டீசல் எஞ்சின் கனமானது. முன்பக்கப் பட்டைகள், மவுண்டிங், ரேடியேட்டர், கிளட்ச் ஹவுசிங் யாவும் அதற்கு இசைய வேண்டும்.  கிரவுன் பினியன் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய எஞ்சினை வாங்குகையில் விற்பனைச் சீட்டைக் கேட்டுப் பெறுக. அஃதின்றேல் திருட்டு வண்டியின் எஞ்சினும் நம் கைக்கு வரலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, எஞ்சின் எண்ணையும் எரிபொருளையும் ஆர்.சி.யில் திருத்த வேண்டும். வண்டியின்மேல் கடன் நிலுவையிருப்பின் வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவை முன்னரே பெறுக. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். ஆவணமும் வண்டியும் முரண்பட்டால் விபத்தின்போது இழப்பீடு சிக்கலாகும்.

மற்றொன்று: 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டு கடந்தும் மூல வடிவம் மாறாத வாகனங்களுக்கே 'விண்டேஜ்' பதிவு. எனவே பிளாக்கில் விரிசல் இல்லையேல், போர் செய்து புது பிஸ்டனிட்டு மூல எஞ்சினையே மீட்பதை நாம் விரும்புவோம். மாற்றியே தீரவேண்டுமெனில், கழற்றியதைக் காயலான் கடைக்கு எடைபோடாமல், எண்ணெய் தடவிக் கொட்டகையில் வைத்திருங்கள்.