பிள்ளைக்கு நெறி கட்டினால்: அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அருகே உள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பின்னரும் ஒரு தாய் மட்டும் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கையைப் பற்றியபடி நான்கு வயது மகன் நின்றான்.

"ஐயா, பிள்ளைக்குத் தலை முழுக்காட்டும்போது கழுத்தில் உருண்டையாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. இன்றோடு பதினொரு நாளாகிறது. பால் வெட்டப் போனாலும் கைதான் மரத்தில் இருக்கிறது, நினைப்பெல்லாம் இவனிடத்தில்தான்" என்றார் அவர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னாராம். இன்னொருவர், "இது கெட்ட நோயாக இருக்கப்போகிறது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அந்தத் தாய்க்கு உறக்கமில்லை.

நாம் மருத்துவர் அல்லோம். ஆகவே அவரைத் தோட்ட மருத்துவ உதவியாளரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும், அடுத்ததாகச் சிறுவனின் தலைமயிரைப் பிரித்துப் பார்த்தார். பேன் கடித்து, சொறிந்து, சீழ் வைத்த புண்கள் பல அங்கே இருந்தன. "நோய் கழுத்தில் இல்லை அம்மா, தலையில் இருக்கிறது. கழுத்தில் இருப்பது காவல்" என்றார். பேனுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்தார். சில வாரங்களில் அந்த உருண்டை பருப்பளவாகச் சுருங்கிவிட்டதென அறிந்தோம்.

இதே கவலை நம் தோட்டங்களில் பல பெற்றோருக்கு ஏற்படுவதுண்டு. ஆகவே, நெறி என்பது யாது, எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது ஒரு நாளும் பொறுக்கக்கூடாது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

நெறி என்பது என்ன?

பால் ஸ்டோரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் வாளியில் சுமந்து வரும் பாலை அப்படியே தொட்டியில் ஊற்றுவதில்லை. சல்லடையில் வடிகட்டித்தான் ஊற்றுவார்கள். பட்டைத் துண்டும் தூசியும் சல்லடையிலேயே தங்கிவிடும். நம் உடலிலும் இத்தகைய சல்லடைகள் இருக்கின்றன. உடலெங்கும் நிணநீர் என்னும் தெளிந்த நீர் மெல்லிய குழாய்களின் வழியாக ஓடுகிறது. அந்தக் குழாய்களின் இடையிடையே அவரை விதை போன்ற சிறு கணுக்கள் அமைந்துள்ளன. அவையே நிணநீர்க் கணுக்கள். மனித உடலில் ஏறக்குறைய 600 கணுக்கள் இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அவை கூட்டமாக உள்ளன.

கிருமிகள் உள்ளே நுழைந்தால் இக்கணுக்கள் அவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அங்கே பெருகுகின்றன. அதனால் கணு பருக்கிறது. இதைத்தான் நாம் "நெறி கட்டியிருக்கிறது" என்கிறோம். எனவே, நெறி கட்டுதல் பெரும்பாலும் உடல் தோற்றுவிட்டதன் அறிகுறி அன்று. அது போராடுகிறது என்பதன் அறிகுறியே.

சிறு பிள்ளைகளுக்கு ஏன் அடிக்கடி?

பெரியவர்களின் உடல் பல கிருமிகளை ஏற்கெனவே சந்தித்துப் பழகியிருக்கும். சிறு பிள்ளைகளுக்கோ ஒவ்வொரு கிருமியும் புதியது. ஆண்டொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சிறு குழந்தைகளிடம் இயல்பானதே. பாலர் பள்ளியிலும் பிள்ளைக் கொட்டகையிலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சளி தொற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சளி ஆறுமுன் மற்றொன்று வந்தால் நெறி முற்றிலும் வற்றுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. நல்ல உடல்நலத்தோடு ஓடியாடும் பிள்ளைகளின் கழுத்திலும் பட்டாணியளவு நெறிகள் கைக்குத் தட்டுப்படுவது இதனால்தான். மெலிந்த பிள்ளையின் கழுத்தில் அது இன்னும் எளிதாகத் தெரியும்.

நெறி இருக்கும் இடம் நோய் இருக்கும் இடத்தைக் காட்டும்

நெறி கட்டினால் அந்த உருண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், அது எந்தப் பகுதிக்குக் காவல் என்று பாருங்கள்.

தாடைக்குக் கீழும் கழுத்தின் முன்பக்கத்திலும் கட்டினால், தொண்டைப் புண், சளி, காதுவலி, சொத்தைப்பல் ஆகியவற்றைத் தேடுங்கள். சொத்தைப்பல்லைப் பெற்றோர் பலர் மறந்துவிடுகின்றனர். பால்பல் தானே, விழுந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

காதின் பின்புறமும் பிடரியிலும் கட்டினால், பேன், தலைப்புண், சொறி ஆகியவற்றைத் தேடுங்கள்.

தொடையிடுக்கில் கட்டினால், காலைப் பாருங்கள். செருப்பின்றி நடந்து முள் குத்திய புண்ணோ, கொசுக்கடியைச் சொறிந்த புண்ணோ அங்கே இருக்கக்கூடும்.

கைக்குழந்தைக்கு இடது அக்குளில் கட்டினால், பி.சி.ஜி. தடுப்பூசியை நினைவிற்கொள்ளுங்கள். காசநோயைத் தடுக்கும் இவ்வூசி நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் போடப்படுகிறது. சில குழந்தைகளுக்கு இதனால் அக்குளில் சிறு நெறி கட்டுவதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே வற்றிவிடும். எனினும், அதனைத் தாதியிடம் காட்டிவைப்பது நன்று. சீழ் வைத்தாற்போல் மெதுவாகிவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும்.

வீக்கம் காதின் முன்புறத்திலிருந்து கன்னம் வரை பரவி, தாடையின் ஓரமே மறைந்துவிட்டால் அது நெறியாக இல்லாமல் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். அதனைத் தடுக்கும் ஊசி குழந்தைக்கு 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. உங்கள் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, அந்த ஊசிகள் போடப்பட்டுள்ளனவா என்று இன்றே பாருங்கள்.

எவ்வளவு பெரிது? எத்தனை நாள்?

கழுத்து நெறி ஒன்றைக் கண்டால் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கண்ட நாள், இருக்கும் இடம், அளவு. வீட்டு நாட்காட்டியின் தாளிலேயே எழுதிவைக்கலாம். அளவுக்கு ஒரு நாணயம் போதும். இப்போது புழக்கத்தில் உள்ள 20 சென் நாணயத்தின் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். கழுத்து நெறி அந்த அளவைவிடச் சிறியதாய், மென்மையாய், விரலுக்கு அடியில் நழுவக்கூடியதாய் இருந்து, பிள்ளையும் வழக்கம்போல் உண்டு விளையாடினால், இரண்டு வாரம் பார்த்திருக்கலாம். வாரத்திற்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். நாள்தோறும் அழுத்திப் பார்த்தால் அது நோகும். அதனாலேயே வீக்கம் வற்றாமலும் இருக்கும்.

சளியும் தொண்டைப் புண்ணும் ஆறிய பின்னரும் நெறி உடனே மறைந்துவிடாது. மெல்ல மெல்லச் சுருங்கப் பல வாரங்கள் ஆகும். பட்டாணியளவில் சில மாதங்கள் தங்கியிருப்பதும் உண்டு. சுருங்கிக்கொண்டு வருகிறதா, வளர்ந்துகொண்டு வருகிறதா என்பதே முதன்மையான கேள்வி.

வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்

"வலிக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதை நாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். வலியோடு திடீரென்று கட்டும் நெறி பெரும்பாலும் தொண்டைப் புண் போன்ற அண்மைக்கால நோயால் வருவது. அது விரைவில் ஆறும். வலியே இல்லாமல் வாரக்கணக்கில் வளரும் நெறிதான் கூடுதலான கவனத்திற்கு உரியது.

மற்றொரு தோட்டத்தில் நாம் கண்ட ஒரு சிறுமிக்கு வயது ஆறு. கழுத்தில் நெறி கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. வலி இல்லை, அவள் பள்ளிக்கும் போய்வந்தாள். அதனால் பெற்றோர் காத்திருந்தனர். ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய சம்பளம் போகுமே என்ற எண்ணமும் இருந்தது. அதே வீட்டில் தாத்தா நெடுநாளாக இருமிக்கொண்டிருந்தார். "வயதானவர், சுருட்டுக் குடிப்பவர், இருமத்தானே செய்வார்" என்று அதனையும் விட்டுவிட்டனர். இறுதியில் மருத்துவமனையில் இருவருக்கும் காசநோய் இருப்பது தெரியவந்தது. நம் முன்னோர் கண்டமாலை என்று அஞ்சிய நோய் பெரும்பாலும் இதுவே.

காசநோய்க்கு இன்று நல்ல மருந்து உண்டு. ஏறத்தாழ ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் உண்ண வேண்டும். அந்தச் சிறுமி குணமடைந்தாள், தாத்தாவும் குணமடைந்தார். ஆயினும், அந்த மூன்று மாதத்தில் அதே கூரையின்கீழ் இருந்த கைக்குழந்தைக்கும் நோய் பரவியிருக்கக்கூடும். அதனால் வீட்டார் அனைவரும் சோதனைக்கு உள்ளாக வேண்டியதாயிற்று. வீட்டில் எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பிள்ளையின் நெறியைக் காட்டப் போகும்போது அதனையும் மறவாமல் சொல்லுங்கள்.

பெற்றோர் பலர் வாய்விட்டுக் கேட்க அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: இது புற்றுநோயாக இருக்குமோ? பிள்ளைகளுக்குக் கட்டும் நெறிகளில் புற்றுநோயால் வருவன மிக மிக அரிது. அப்படி இருப்பினும், காலத்தில் கண்டறிந்தால் பிள்ளைகளைக் குணப்படுத்தும் வாய்ப்பு இன்று பெரிதும் உண்டு. அந்த அச்சத்தை மனத்தில் பூட்டிவைத்துக்கொண்டு வீட்டிலேயே இராமல் மருத்துவரிடமே கேட்டுவிடுவதுதான் அதற்குரிய மருந்து.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்:

1. நெறி 20 சென் நாணயத்தைவிடப் பெரிதாக இருத்தல், அல்லது வளர்ந்துகொண்டே வருதல்.

2. கல்போலக் கெட்டியாய், அசையாமல் ஒட்டிக்கொண்டிருத்தல்.

3. கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழியில் நெறி காணப்படுதல். இது சிறிதாக இருந்தாலும் காட்ட வேண்டும்.

4. இரண்டு வாரம் கடந்தும் சுருங்கத் தொடங்காதிருத்தல்.

5. நெறியின்மேல் தோல் சிவந்து சூடாதல், சீழ் வைத்தல். இதற்கு மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது.

6. காய்ச்சல் பல நாள் நீடித்தல், உடல் மெலிதல், இரவில் உடை நனையுமளவு வியர்த்தல்.

7. பிள்ளை வெளிறிப்போதல், அடிபடாமலே உடலில் நீலத் தழும்புகள் தோன்றுதல், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எனப் பல இடங்களில் ஒருங்கே நெறி கட்டுதல்.

மூச்சுத் திணறினாலோ, எச்சிலையும் விழுங்க முடியாமல் வாய்நீர் ஒழுகினாலோ, கழுத்தைத் திருப்ப முடியாமல் கடுங்காய்ச்சலில் சோர்ந்து கிடந்தாலோ, இரவென்றும் பாராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செய்யத் தகாதவை

நெறியைப் பிசையாதீர்கள், கீறாதீர்கள். சுண்ணாம்பு குழந்தையின் மென்தோலைப் பொசுக்கிவிடும். சூடு போடுவது நோயைப் போக்காது. நோயோடு புண்ணையும் சேர்க்கும். முன்பு யாருக்கோ கொடுத்து மிஞ்சிய மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சளிக்கிருமிகள் பெரும்பாலும் வைரஸ் இனத்தவை. சீழுக்குக் கொடுக்கும் மருந்து அவற்றைத் தீண்டாது.

மருத்துவரிடம் சென்றால்

முதலில் தோட்ட மருத்துவ உதவியாளரையோ அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தையோ நாடுங்கள். நாட்காட்டியில் குறித்ததையும் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "கெலெஞ்சார் பெங்காக்" என்று மலாயில் சொன்னால் நெறி வீங்கியுள்ளதென அங்குள்ளோர் உடனே விளங்கிக்கொள்வர். பல பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்ப்பதே போதுமானதாகிவிடும். தேவைப்பட்டால் இரத்தச் சோதனை செய்வர். நெஞ்சைப் படம் எடுப்பர். சில வேளைகளில் நெறியிலிருந்து ஊசியால் சிறிதளவு எடுத்துச் சோதிப்பர். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மறுமுறை வரச் சொன்ன நாளில், நெறி சுருங்கியிருந்தாலும் தவறாமல் சென்று காட்டுங்கள்.

பெற்றோர்களே! விடியுமுன் எழுந்து நிரைக்குச் செல்லும் நீங்கள், மரத்தில் பட்டை நோய் தொடங்கினால் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொள்கிறீர்கள். அதே கண்ணால் உங்கள் பிள்ளையையும் பாருங்கள். வாரம் ஒருமுறை தலை முழுக்காட்டும்போது தலை, பல், காது, கால் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். நெறி தென்பட்டால் நாளைக் குறியுங்கள், காரணத்தைத் தேடுங்கள், குறித்த நாள் கடந்தும் சுருங்கவில்லையாயின் ஒரு நாள் வேலை போனாலும் போகட்டும் என்று புறப்படுங்கள். போன நாள் சம்பளத்தை மறு மாதம் ஈடு செய்துகொள்ளலாம்.